மாளுவின் இடது சிறுநீரகம்

மானந்தவாடி
20 ஜூன் 2004

என் ரோஸ்லிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மலையேறும் சுரப்பாதையில் மரம் விழுந்து பஸ் வெகுநேரம் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரரைத் தெரியுமே, ரவியேட்டன் இறங்கிப் போய் மரம் வெட்டுகிறவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். காட்டிலாகாக்காரர் என்று அவர்கள் ஒன்றும் மதிக்கவில்லை. மாளு என் மடியில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகக் குரங்குகளை அதட்டினாள். காய்ச்சல் விட்ட பிள்ளையின் கழுத்து எவ்வளவு குளுகுளு என்று இருக்கிறது தெரியுமா? வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

போன வாரம் நான் இருந்த நிலையை நீதான் பார்த்தாயே. சளி கிடையாது, இருமல் கிடையாது, உடம்பு மட்டும் கொதிக்கிறது. இங்கே ஜோஸ் டாக்டர் மூத்திரம் பார்க்கச் சொன்னார். ஒன்றரை வயதுப் பிள்ளை நாம் கேட்கும் நேரத்தில் போகுமா? ரவியேட்டன் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு காலை முழுக்க அவள் பின்னாலேயே நடந்தார். காட்டில் யானையைக்கூட அத்தனை மரியாதையாகப் பின்தொடர்ந்திருக்க மாட்டார். கடைசியில் பார்த்தால் கிருமி இருக்கிறது. "இது மேல கிட்னி வரைக்கும் ஏறியிருக்கலாம் டீச்சரே, கொச்சிக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்றார் டாக்டர். நரம்பில் மருந்து ஏற்றி, பிள்ளையைத் தூங்கவைத்து, அசையாமல் படுக்கப்போட்டு எடுப்பதாம். அதைக் கேட்டதும்தான் எனக்குக் கைகால் ஓடவில்லை. உனக்கு ஃபோன் செய்துவிட்டுக் கோழிக்கோட்டுக்கு உன்னிடமே வந்தேன்.

அந்தச் சின்னக் கையில் நீ ஊசி குத்தியபோது உன்னைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று இருந்தது. மறுநாள் காலையில் வார்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தாயே! "எடீ அழுமூஞ்சி, ரத்தத்துல எண் ரொம்பக் குறைவு. கிருமி கீழேயே நின்னுடுச்சு, கிட்னிக்குப் போகல. ஸ்கேனும் வேண்டாம், கொச்சியும் வேண்டாம். மருந்தை வாங்கிட்டு வீட்டுக்குப் போ." அந்த வார்த்தை கேட்டு நான் அழுதது உன் நர்ஸுகளுக்கெல்லாம் வேடிக்கையாகிவிட்டது.

ஜோஸ் டாக்டரிடம் வந்து சொன்னேன். முகத்தைச் சுளித்தார். "ஸ்கேன் எடுக்காம எப்படிச் சொன்னாங்க?" என்றார். என் ரோஸ்லி அதிலேயே ஆராய்ச்சி செய்தவள் என்று ஒரு போடு போட்டேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

சாப்பிடாமல் திரியாதே. எலும்பும் தோலுமாக இருக்கிறாய்.

உன்
ஷீஜா


கோழிக்கோடு
3 ஜூலை 2004

அருமை ஷீஜா,

ஃபோன் இருக்கும்போது ஏன் டாக்டரே கடிதம் என்று இங்கே நர்ஸுகள் கேலி செய்கிறார்கள். திருச்சூர் கன்னியாஸ்திரீகள் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்துகொண்டே ஒருத்திக்கொருத்தி கடிதம் எழுதியவர்கள் நாங்கள் என்று சொன்னேன். விளக்கணைத்த பிறகு பேசக்கூடாது என்று மதர் போட்ட சட்டத்துக்கு நாம் கண்ட வழி. அவர்களுக்குப் புரியவில்லை.

ரத்தத்தைப் பார்த்து மூத்திரக் கிருமி இருக்கும் இடத்தை எப்படிச் சொல்வாய் என்று கேட்டாய். வார்டில் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. பெரியவர்கள் என்றால் இடுப்புக்கு மேல் வலிக்கிறது என்பார்கள். மாளு வயதுப் பிள்ளைக்குச் சிறுநீர்ப்பையில் கிருமி நின்றாலும் காய்ச்சல்தான், சிறுநீரகத்துக்கு ஏறினாலும் காய்ச்சல்தான். பையோடு நின்றால் பயமில்லை. மேலே ஏறினால் தழும்பு விழலாம். தழும்பு விழுந்த இடம் பிறகு வேலை செய்யாது, வளர்ந்த பிறகு ரத்த அழுத்தம் என்று வந்து நிற்கும். எது என்று நிச்சயமாகச் சொல்வது ஸ்கேன்தான். ஆனால் உன் மலையிலிருந்தும் நிலம்பூரிலிருந்தும் எத்தனை அம்மாக்கள் கொச்சி வரை போவார்கள்?

அதனால்தான் ரத்தம். கிருமி புகுந்தால் ரத்தத்தில் சில அளவுகள் ஏறும். ஈஎஸ்ஆர் பழைய ஆசாமி, ஜலதோஷத்துக்கும் கத்துவான். சிஆர்பி கொஞ்சம் பரவாயில்லை. புரோகால்சிட்டோனின் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் என் ஆள். கிருமி சிறுநீரகத்தைத் தொட்டால் ஏறும், இல்லையென்றால் பேசாமல் இருக்கும். எங்கள் துறைத் தலைவர் குருவிளா சாரும் நானும் இரண்டு மழைக்காலமாகக் குழந்தைகளுக்கு ரத்தமும் எடுத்து, ஸ்கேனும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். பிரமாதமாகப் பொருந்துகிறது. டிசம்பரில் டெல்லி மாநாட்டில் வாசிக்கிறேன். சார் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாளு அந்த ஆய்வில் இல்லை. ஆய்வு முடிந்த பிறகு, அதை நம்பி நான் ஸ்கேன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிய முதல் குழந்தை அவள். பெரியவளானதும் அவளிடம் பெருமையாகச் சொல்.

அன்புடன்
ரோஸ்லி


மானந்தவாடி
9 நவம்பர் 2004

என் ரோஸ்லிக்கு,

ஓணத்துக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றினாய். பாலடைப் பாயசத்தை மூடிவைத்துக்கொண்டு மாலை வரை காத்திருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பெரிய மனுஷியாகிவிட்டாய் என்று ரவியேட்டன் சொல்கிறார். நான் உன் பக்கம்தான் பேசினேன். ஆனாலும் மனசுக்குள் கொஞ்சம் கோபம் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

மாளுவுக்கு மறுபடியும் காய்ச்சல். மறுபடியும் மூத்திரத்தில் கிருமி. ஜோஸ் டாக்டர் இந்த முறை பலமாகப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாவது தடவை டீச்சரே. இனிமேலும் ஸ்கேன் வேண்டாம்னா நான் பார்க்க மாட்டேன்." எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எங்க ரோஸ்லிக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் வயசுக்கு அப்படிப் பேசியிருக்கக்கூடாது. அவரும் விடவில்லை. "ரத்தத்துல ஒரு எண்ணை வெச்சுக்கிட்டு கிட்னியைப் பார்த்த மாதிரி பேசறாங்களே, அவங்க கையால எழுதித் தரச் சொல்லுங்க" என்றார்.

அதனால் கேட்கிறேன். போகட்டுமா வேண்டாமா? நீ போகாதே என்றால் போக மாட்டேன்.

உன்
ஷீஜா


கோழிக்கோடு
18 நவம்பர் 2004

ஷீஜா,

கோபம் நியாயம்தான். மாநாட்டு வேலையில் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட நேரமில்லை. மன்னித்துவிடு.

ஸ்கேன் வேண்டாம். பெண் குழந்தைகளுக்கு இப்படித் திரும்பத் திரும்ப வரும். தண்ணீர் நிறையக் கொடு, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள், மருந்தை முழுதாகக் கொடுத்து முடி. மலையில் தனியாக உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிற டாக்டர்களுக்குப் புதுசாக எதைக் கேட்டாலும் பயம். பாவம் ஜோஸ், அவரோடு சண்டை போடாதே.

உங்கள் பக்கத்து ஆட்களைத்தான் திருத்த முடியவில்லை. டாக்டரிடம் வருவதற்கு முன்பே மருந்துக்கடையில் கிருமியைக் கொல்லும் ஒரு சிரப் வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். அப்புறம் ரத்தத்தில் எண் விழுந்துவிடுகிறது, ஸ்கேனில் மட்டும் தெரிகிறது. அப்படிப்பட்ட குழந்தைகளையெல்லாம் கணக்கிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. விலக்கிய பிறகுதான் படம் துலக்கமாக வந்தது. சார் பார்த்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார்.

டெல்லியிலிருந்து மாளுவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வருகிறேன். ஓணப் பாயசத்துக்கு வட்டி.

ரோஸ்லி


கொச்சி
16 பிப்ரவரி 2005

ரோஸ்லி,

ஸ்கேன் எடுக்கும் இடத்திலிருந்து எழுதுகிறேன். மாளுவுக்கு மூன்றாவது முறை காய்ச்சல் வந்தது. உன் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை ஃபோன் செய்தேன், நீ மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். ரவியேட்டன் என்னிடம் எதுவும் கேட்காமல் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். "ஏறு" என்றார். ஏறிவிட்டேன்.

மருந்து ஏற்றிய பிறகு சில மணிநேரம் காத்திருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் நசீமா என்று ஒருத்தி, கொண்டோட்டிக்காரி. ஷமீல் என்று மூன்று வயதுப் பையன், அவனும் மாளுவும் தண்ணீர் பாட்டிலுக்குச் சண்டை போட்டுத்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம். எந்த டாக்டர் என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். என் சிநேகிதி என்றும் சொன்னேன், பெருமையாகத்தான். அவள் முகம் மாறிவிட்டது.

"நானும் அவங்ககிட்டதான் போனேன் டீச்சரே. போன மழைக்கு முந்தின மழை. ரத்தம் எடுத்தாங்க, நல்லாருக்குன்னாங்க. ஆராய்ச்சிக்குன்னு ஸ்கேனும் எடுத்தாங்க. பார்த்தா இவனுக்கு வலது கிட்னில தழும்பு."

"அப்புறம்?"

"அப்புறம் டாக்டரம்மா தனியாக் கூப்பிட்டாங்க. வர்றதுக்கு முன்னாடி சிரப் ஏதாச்சும் குடுத்தியான்னு கேட்டாங்க. இல்லன்னேன். நல்லா யோசின்னாங்க. இல்லன்னேன். எங்க வீட்டுக்காரர் மருந்துக்கடை வெச்சிருக்காரு, சீட்டு இல்லாம பெத்த தாய் கேட்டாலும் எடுத்துத் தர மாட்டாரு, அவ்வளவு கறார்னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. மருந்துக்கடை வீடா, அப்ப நிச்சயமாக் குடுத்திருப்பேன்னு சொல்லிட்டு அப்படியே எழுதிக்கிட்டாங்க."

"நீங்க மறுத்துச் சொல்லலையா?"

"சொன்னேன் டீச்சரே. பேனா நிக்கலையே."

எனக்கு உன் நவம்பர் கடிதம் ஞாபகம் வந்தது. விலக்கிய பிறகுதான் படம் துலக்கமாக வந்தது என்று எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துச் சிரித்தேன் ரோஸ்லி. எங்கள் ஆட்களைத் திருத்தவே முடியாது என்று ரவியேட்டனுக்கும் படித்துக் காட்டினேன்.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். மாளுவின் இடது சிறுநீரகம் சுருங்கியிருக்கிறதாம். மேலேயும் கீழேயும் தழும்பு. பழைய தழும்பு என்று இந்த டாக்டர் சொல்கிறார். அது இனி ஆறாதாம். அவள் வளர்ந்து பிள்ளை பெறும் வயதிலும் இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ரவியேட்டன்தான் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஜோஸ் டாக்டரிடம் ஃபோனில் சொன்னோம். உன் ஆஸ்பத்திரிக்கு எழுதப்போவதாகச் சொன்னார். நான் தடுக்கவில்லை.

தவறு யாருக்கும் நடக்கும். உன் பரிசோதனை தவறிப்போயிருந்தால் நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அது தவறும் என்று உனக்கு முன்பே தெரியுமா? அன்று காலை வார்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தபோது, உனக்கு ஷமீல் ஞாபகம் வந்தானா? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

ஷீஜா


கோழிக்கோடு
2 மார்ச் 2005

என் ஷீஜா,

பலமுறை எழுதிக் கிழித்தேன். மாளுவின் ஸ்கேன் படத்தை இங்கே அனுப்பியிருந்தார்கள். பார்த்துவிட்டு ஓ.பி.க்குப் போக முடியவில்லை. என்னை நம்பு.

கேட்டதற்குப் பதில்: ஷமீலின் பெயர் ஞாபகம் வரவில்லை. அப்படிச் சில குழந்தைகள் இருந்தார்கள் என்பது தெரியும். எந்தப் பரிசோதனையும் சிலரைத் தவறவிடும், அது உலகத்தில் எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்த அம்மாக்கள் எல்லோரும் இல்லை இல்லை என்றுதான் சொல்வார்கள், பயம். அவர்கள் சிரப் கொடுத்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன். சாரும் அப்படித்தான் நினைத்தார். நினைத்ததை எழுதினோம். இதில் யாரையும் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இல்லை. என் மாளுவை வைத்து நான் விளையாடுவேனா? அவளுக்கு எண் குறைவாக வந்ததும் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று நீயே பார்த்தாய். எனக்கே அது வேண்டியிருந்தது ஷீஜா.

இப்போது நடப்பதைக் கேள். ஜோஸின் கடிதத்தால் இங்கே ஒரு விசாரணைக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். பழைய குழந்தைகளைப் பற்றிப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள், அதைச் சார் பார்த்துக்கொள்வார். மாளு விஷயம்தான் அவர்களுக்கு முன்னால் இருக்கிறது. அவள் இங்கே வருவதற்கு முன் ஜோஸ் சிரப் எழுதிக் கொடுத்திருக்கிறார், அவரே அதைத் தன் கடிதத்தில் சொல்லியிருக்கிறார். வாங்கிய அம்மா கொடுக்காமலா இருப்பாள்? கொடுத்திருந்தால் எண் விழுந்ததற்குக் காரணம் கிடைத்துவிடும், அதை நீ என்னிடம் சொல்ல மறந்தாய் என்றாகிவிடும். உனக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. பதறிய தாயை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனக்கோ எல்லாமே போய்விடும்.

நீ கொடுத்ததாகக் கமிட்டியிடம் நான் சொல்லிவிட்டேன். உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நன்றாக யோசித்துப் பார், ஒருவேளை கொடுத்துமிருப்பாய்.

மாளுவுக்கு வாழ்நாள் முழுக்க நான் இருக்கிறேன்.

உன்
ரோஸ்லி


மானந்தவாடி
21 மார்ச் 2005

மதிப்பிற்குரிய டாக்டர் ரோஸ்லின் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நேற்று முன்தினம் விசாரணைக் கமிட்டியின் முன் நானும் என் கணவரும் ஆஜரானோம். உங்களுக்கு உடல்நலம் சரியில்லை என்றும் வரவில்லை என்றும் தெரிவித்தார்கள். ஆகவே அங்கே நான் சொன்னதை உங்களுக்கு எழுதுவது என் கடமை.

மாளவிகாவுக்குச் சிரப் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை என்றேன். டாக்டர் குருவிளா கனிவாகத்தான் பேசினார். "டீச்சரே, பதற்றத்துல அம்மாமாருக்கு மறந்து போறது சகஜம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. எனக்கு மறக்காது என்றேன்.

நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள். அன்று நான் உங்களுக்கு ஃபோன் செய்தபோது ஜோஸ் டாக்டர் எழுதிய சிரப்பை வாங்கி மூடியைத் திறக்கப்போகிறேன் என்று சொன்னேன். நீங்கள் கத்தினீர்கள். "ஒரு சொட்டு குடுக்காதே! குடுத்தா ரத்தத்துல எண் விழுந்துடும், அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாமப் போயிடும். என்கிட்ட வர்ற வரைக்கும் பொறுத்துக்கோ." மூத்திரத்தை ஜோஸ் டாக்டர் முன்பே எடுத்துவிட்டார், அதற்காகப் பொறுக்க வேண்டியதில்லை. உங்கள் ரத்தப் பரிசோதனைக்காக மட்டும் பொறுத்தேன். அன்று சுரப்பாதையை மூடிவிட்டதால் பஸ் விடவில்லை. மறுநாள்தான் விட்டார்கள். பிள்ளை என் தோளில் கொதித்துக்கொண்டு கிடந்தாள். "அந்த மருந்தைக் குடுத்துத் தொலையேன், உன் சிநேகிதி என்ன கடவுளா?" என்று என் கணவர் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். புட்டி என் பையில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மருந்து தள்ளிப்போகப் போகத்தான் தழும்பு விழ இடமாகிறது என்று கொச்சி டாக்டர் சொன்னார். எந்தக் காய்ச்சலில் விழுந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதையும் கமிட்டியிடம் மறைக்காமல் சொன்னேன். என் கணவர் பஸ்ஸில் சத்தம் போட்டதை மட்டும் அவரே சொல்லிக்கொண்டார்.

கொண்டோட்டி நசீமாவை நான்தான் கையோடு அழைத்துப் போனேன். அவள் தன் கணவரையும் அழைத்து வந்தாள். பழைய குழந்தைகளைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கேட்டார்கள்.

டெல்லியிலிருந்து வந்த கம்பளிச் சட்டையைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாளவிகாவுக்கு இனி வைத்தியம் பார்க்க வேறு இடம் ஏற்பாடு செய்துவிட்டோம். இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன்.

அவள் பெரியவளாகி, மருந்து கையில் இருந்தும் ஏன் அம்மா கொடுக்கவில்லை என்று ஒருநாள் என்னைக் கேட்பாள். ஒரு டாக்டர் சொன்னார், கேட்டேன் என்று சொல்வேன். அந்த டாக்டர் எனக்கு யாராக இருந்தார் என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு
மாளவிகாவின் அம்மா